தூள் மூட்டைகளோடு ஓர் இறக்கம்

போன வாரம் உங்கள் ஷெட்டுக்கு வந்தபோது மூன்று கேம்பிங் டிரெய்லர்கள் சுவரோரமாக நின்றன. சின்னவை. இரண்டு பேர் படுக்கலாம்; ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, மழைக்கு இழுத்துவிட ஒரு தார்ப்பாய். இவற்றை இழுக்க என்ன வண்டி வாங்குவது என்று நீங்கள் நான்கு பேரும் நான்கு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒருவர் கையில் விளம்பரத் தாள், இன்னொருவர் கையில் செல்போன். கடைசியில் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க சொல்லுங்க, எது நல்லா இழுக்கும்?" என்றீர்கள்.

நான் டீயைக் குடித்துவிட்டு பஸ் பிடித்து வந்துவிட்டேன். மனுஷனுக்குத் தெரியவில்லை என்று நினைத்திருப்பீர்கள். தெரியும். நின்றுகொண்டு சொல்ல முடியாத அளவுக்கு நீளம், அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன்.

நடுவட்டத்துக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் நான் வாகன மேற்பார்வையாளராக இருந்தேன். தேயிலை விலை விழுந்த வருஷங்கள் அவை. பறிக்கிற கூலிகூடத் திரும்பி வராது என்று அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள்; இடுப்பளவு இருக்க வேண்டிய செடி ஆள் உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடும், பாதி நாள் சும்மா இருக்கும். குடோனில் விற்காத தேயிலைத் தூள் மூட்டைகள் உத்தரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன.

இந்த நேரத்தில் எங்கள் மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. ஊட்டிக்கு வருகிற கூட்டம் குறையவில்லையே, தேயிலை விற்காவிட்டால் மலையை விற்கலாமே என்று அவர் நினைத்தார். கோயம்புத்தூரில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் சொல்லி, சின்னதாக ஒரு கேம்பிங் டிரெய்லர் செய்யவைத்தார். ஊட்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, நடுவட்டத்தில் ஓர் இரவு, எஸ்டேட்டில் ஓர் இரவு, பிறகு கூடலூர் பக்கம் இறங்கிக் காட்டோரம் ஓர் இரவு. வண்டியும் டிரைவரும் நம்முடையது. இதுதான் திட்டம்.

டிரெய்லர் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது தெரியுமா? ஒரு லாரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வந்தது. ஃபேக்டரி வாசலில் அதை இறக்கி வைத்துவிட்டு லாரி போன பிறகுதான், இதை எது இழுக்கப் போகிறது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முதலில் டிராக்டரைப் பூட்டினோம். இழுத்தது. டிராக்டர் எதைத்தான் இழுக்காது? ஆனால் பெரிய ரோட்டில் அது போன வேகத்துக்குப் பின்னால் ஒரு கல்யாண ஊர்வலமே சேர்ந்துவிட்டது. நாதஸ்வரம் இல்லாத குறையை ஹாரன்கள் தீர்த்துவைத்தன. திரும்பி வந்து டிரெய்லரின் கதவைத் திறந்தால், மேனேஜர் ஆசையாக வாங்கி வைத்த பீங்கான் கோப்பைகளில் ஒன்றுக்கும் காது இல்லை. டிராக்டர் கழன்றது.

மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று, மேனேஜரின் ஜீப். நீளமான உடம்பு, டீசல், கனமான இரும்பு. அதை மேனேஜரே ஓட்டுவார், மேனேஜரே கழுவுவார், சாவி அவர் பாக்கெட்டை விட்டு வெளியே வராது. அதனால் அதை யாரும் பட்டியலில் சேர்க்கவே இல்லை. இன்னொன்று கொழுந்து வண்டி. தோட்டத்தில் பறித்த பச்சை இலையை ஃபேக்டரிக்கு ஏற்றி வரும் சின்ன பிக்கப். எங்களிடம் அப்படி இரண்டு இருந்தன. இலை பாதியாகிவிட்டதால் ஒரு வண்டி போதும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். வண்டி நின்றால் அதன் டிரைவரும் நிற்க வேண்டியதுதான்.

இரண்டு டிரைவர்களில் இளையவன் செல்வராஜ். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வந்தவன். மனைவி புஷ்பம் எங்கள் எஸ்டேட்டிலேயே தற்காலிகமாகக் கொழுந்து எடுத்தாள். பெண் பத்தாம் வகுப்பு. குடியிருப்பு, எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அவன் பெயருக்குக் கொடுத்த ஒரு வீடு. எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போகும். பொதுத்தேர்வு வருஷத்தில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று அந்த வீட்டில் பேச்சு ஆரம்பித்திருந்தது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. "செல்வராஜ் வண்டி டிரெய்லரை இழுத்துடுச்சுன்னா அவனையே டிரெய்லர் டிரைவரா வெச்சுக்கலாம். நீங்க பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை என் வாயில் இருந்தது. எஸ்டேட் முழுக்க அது தெரியும். பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் பிரிக்கிற இடத்தில், அதுவரை எனக்கு வணக்கம் சொல்லாதவர்களெல்லாம் வணக்கம் சொன்னார்கள்.

சோதனை ஓட்டத்துக்கு நாள் குறித்தோம். கீழ்த்தோட்டத்திலிருந்து ஃபேக்டரி வரைக்கும் ஏற்றம். செல்வராஜ் வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்திருந்தான். பின்னால் டிரெய்லர். கியரைப் போட்டான் பாருங்கள், ஒரு குலுக்கல் இல்லை, ஓர் இழுப்பு இல்லை. எந்த வளைவில் எந்த இடத்தில் இரண்டாவதுக்கு வர வேண்டும், எங்கே ஆக்ஸிலரேட்டரைத் தொடக்கூடாது என்று அவன் பாதத்துக்கே தெரிந்திருந்தது. ஃபேக்டரி வாசலில் வந்து நின்றபோது பெண்கள் கைதட்டினார்கள். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வேலை முடிந்தது என்று எல்லோரும் கலையப் பார்த்தார்கள்.

"ஏறிடுச்சுங்க சார். இனி இறக்கிப் பார்க்கோணும்" என்றேன்.

"இறங்குறதுக்கு என்னய்யா பார்க்கணும்? தானா இறங்கும்" என்றார் மேனேஜர்.

"அதுதானுங்க பயம்."

அதோடு விடவில்லை. காலி டிரெய்லரை யாரும் வாடகைக்கு எடுக்க மாட்டார்கள். குடும்பம், பெட்டி, தண்ணீர், சிலிண்டர் என்று கனம் ஏறும். அதற்குச் சமமாக ஏதாவது ஏற்ற வேண்டும் என்றேன். குடோனைத் திறந்தோம். நல்ல தூளாகவே ஐந்தாறு மூட்டை எடுத்து, சக்கரத்துக்கு மேலே கொஞ்சம் முன்தள்ளி அடுக்கச் சொன்னேன். ஏலத்தில் கேட்பார் இல்லாமல் கிடந்த தேயிலைக்கு அன்றைக்கு ஒரு பிரயாணம் கிடைத்தது.

கூடலூர் ரோட்டில் இறங்கினோம். செல்வராஜ் ஓட்டினான், நான் பக்கத்தில். லேசான தூறல். முதல் வளைவு சரி. இரண்டாவதில் பின்னாலிருந்து யாரோ தோளில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு சின்ன உந்தல். "செல்வா, கியரைக் குறை" என்றேன். அவன் அதற்குள் பிரேக்கை மிதித்துவிட்டான். மூன்றாவது வளைவு இடப்பக்கம் திரும்புகிறது. இடப்பக்கம் மலைச்சுவர், வலப்பக்கம் பள்ளம். டிரெய்லர் நிற்க மறுத்தது. பிக்கப்பின் முதுகில் பாரமே இல்லை. ஈர ரோட்டில் அதன் பின்சக்கரம் பிடியை விட்டது. பின்பக்கம் வலப்புறமாக நழுவ, டிரெய்லர் எங்களை முந்திப் போகப் பார்த்தது.

செல்வராஜ் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். வண்டியின் மூக்கு மலையோரச் சாக்கடைக்குள் இறங்கி, மண் சுவரில் முட்டி நின்றது. டிரெய்லர் ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வைப்பர் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து ஊட்டி பஸ் வந்து நின்றது. நம் ரோட்டில் ஒரு வண்டி சாக்கடையில் இறங்கினால் பஸ் முழுக்க இறங்கிவிடும், உங்களுக்குத் தெரியாததில்லை. டிரைவர் கூடலூர்க்காரர். இறங்கி வந்து டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"எந்தா அண்ணே, குடி மாறிப் போறீங்களா? சாமானை மட்டும் எடுத்துட்டுப் போனாப் போதாதா, வீட்டையே கட்டி இழுக்கணுமா?"

கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏனுங்க, ஊட்டைக் கொண்டாந்து ரோட்டுக்குக் குறுக்கால வெச்சுட்டா நாங்க எப்புடிங்க போறது?"

"கதவைத் திறந்தா பஸ்ஸு உள்ள பூந்து போயிருமுங்க" என்றார் ஒரு பயணி.

சிரித்துக்கொண்டே எல்லோரும் கை கொடுத்தார்கள். கனம் குறைக்க மூட்டைகளை இறக்கினோம். ஒருவர் மூட்டையை மோந்து பார்த்துவிட்டு, "நல்ல தூளு சார். இதைக் குடிக்கிறதை விட்டுட்டு ஊர்வலம் கூட்டிட்டுப் போறீங்களே" என்றார். டிரெய்லரைக் கழற்றித் திருப்பி ஓரத்தில் நிறுத்தி, வண்டியைச் சாக்கடையிலிருந்து தூக்கி விட்டுவிட்டு பஸ் ஏறினார்கள்.

செல்வராஜ் மட்டும் சிரிக்கவில்லை. மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஒரு விபத்து நடந்த முதல் அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் ஒரு காரணம் தெரிந்திருக்கும். மழை என்பார்கள், டயர் என்பார்கள், டிரைவர் என்பார்கள். நீங்கள் உங்கள் காரணத்தையும் அதில் சேர்க்காதீர்கள். ஓட்டியவனிடம் ஒரு சின்னக் கேள்வி கேளுங்கள், அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை சும்மா இருங்கள்.

"செல்வா, எந்த கியர்ல வந்தே?"

"மூணாவதுலங்கய்யா. எப்பவும் மூணாவதுலதான் எறங்குவேன். வண்டி சத்தமே வராது. டீசலும் மிச்சம்."

"பாரத்தோடயா?"

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "பாரத்தோட எதுக்குங்கய்யா எறங்கணும்? ஃபேக்டரி மேலதானே இருக்கு?"

அவன் சொன்னது சரிதான். எங்கள் எஸ்டேட்டில் ஃபேக்டரி மேலே, பெரிய ரோட்டை ஒட்டி. தோட்டம் முழுக்கக் கீழே. கொழுந்து வண்டி காலியாக இறங்கும், பாரத்தோடு ஏறும். செல்வராஜ் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கனத்தை இறக்கியதில்லை. ஏற்றத்தில் அவனுக்கு நிகர் யாரும் இல்லை. இறக்கம் என்றால் அவனுக்கு ஓய்வு நேரம். அவன் மட்டும் இல்லை, வண்டி நல்ல வண்டியா என்று எங்கள் எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் "நல்லா ஏறும்" என்றுதான் சொல்வார்கள். நல்லா இறங்கும் என்று எந்த வண்டியையும் யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. கைதட்டிய பெண்கள், தலையாட்டிய மேனேஜர், எல்லோரும் ஒரே பக்கத்திலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நான் போனபோது பேச்சு நின்றது. புஷ்பம் கூடையைத் தராசில் வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"என்னங்கய்யா, மூட்டையை அடுக்கி எறக்கச் சொன்னீங்களாமே. அடுத்த தடவை ஃபேக்டரியையே தூக்கி வெச்சு எறக்கிப் பாருங்க. அப்பவும் எங்க வூட்டுக்காரரு எறக்குவாரு."

"உங்க வூட்டுக்காரரு தோத்தாருன்னு நான் சொல்லலியேம்மா. வண்டிதான் தோத்துது."

"வண்டிக்கா லயத்துல வூடு குடுத்திருக்காங்க?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் குரலை இறக்கினாள். "புள்ளைக்கு மார்ச்சுல பரீட்சை. அதுவரைக்குமாவது இருக்க ஏலுமா ஏலாதான்னு மட்டும் சொல்லுங்க. ஏலாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

அன்று மாலை ஆபீசுக்கு நடந்து போகும்போது என் முன்னால் இரண்டு சுலபமான பதில்கள் இருந்தன. மூட்டை அதிகம் வைத்துவிட்டோம், குறைத்துக்கொண்டால் பிக்கப்பே போதும் என்று சொல்லலாம். செல்வராஜ் தப்புவான், ஒருநாள் ஏதோ ஒரு குடும்பம் தப்பாது. இல்லை, டிரைவர் தப்பு என்று சொல்லலாம்; கியரைக் குறைக்கவில்லை என்பது உண்மைதானே, யாரும் மறுக்க முடியாது. இரண்டுமே பாதி உண்மை. நம் தொழிலில் முழுப் பொய்யை யாரும் சொல்வதில்லை. வண்டி அப்படியே நின்று காட்டிக்கொடுத்துவிடும். பாதி உண்மையிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

மேனேஜர் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "பார்த்தாச்சு. ஊட்டியிலிருந்து டூரிஸ்ட் டிரைவர் ஒருத்தனை அவன் வண்டியோட பேசிக்கலாம். செல்வராஜுக்குக் கணக்கு முடிச்சுடலாம்."

"சார், வண்டி ஆகாதுங்க. அது லேசு. பின்னால வர்ற கனம் அதைத் தள்ளுது. முன்னால போறது பின்னால வர்றதை விடக் கனமா இருந்தாத்தான் இறக்கத்துல பிடிக்கும். டிரைவர் ஆவான்."

"ஆவானா? சாக்கடையில விட்டவனா?"

"எந்தச் சாக்கடைன்னு பாருங்க சார். ரோட்டுல எதிர்ல ஒண்ணும் வரலை. வலப்பக்கம் பூரா காலி. வண்டி அந்தப் பக்கம்தான் இழுத்துட்டுப் போச்சு. யாரா இருந்தாலும் காலியா இருக்கிற பக்கம்தான் கை போகும். அந்தப் பக்கம் பள்ளம். இவன் சுவத்துல கொண்டுபோய் முட்டுனான். தன் வண்டி நசுங்குனாப் பரவாயில்லைன்னு முட்டுனான். பொட்டு வெச்ச வண்டிங்க அது."

மேனேஜர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"ஊட்டி டிரைவரு அந்த நேரத்துல எந்தப் பக்கம் திருப்புவாருன்னு நமக்குத் தெரியாது. இவன் எந்தப் பக்கம் திருப்புவான்னு தெரிஞ்சு போச்சு. கியரைக் கத்துக்குடுத்துக்கலாமுங்க."

"சரி, டிரைவர் இருக்கான். வண்டி எங்கே?"

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அவரும் பார்த்தார். ஃபேக்டரி விளக்கு வெளிச்சத்தில் அவருடைய ஜீப் பளபளவென்று நின்றது. அன்று காலையில்தான் கழுவியிருந்தார்.

"இல்லை" என்றார்.

"நீளமான வண்டிங்க. நல்ல கனம். டிரெய்லரு எவ்வளவு தள்ளினாலும் அசையாது."

"இல்லைய்யா. நான் கிளப்புக்கு எதுல போறது?"

"கொழுந்து வண்டி ஒண்ணு சும்மாதானுங்களே நிக்கப் போகுது. முன்னால கொஞ்சம் நசுங்கியிருக்கு. தட்டி எடுத்துடலாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். ஊட்டி கிளப் வாசலில், மற்ற எஸ்டேட் மேனேஜர்களின் கார்களுக்கு நடுவில், பச்சை இலை வாசனையோடு ஒரு பிக்கப் வந்து நிற்பதை அவர் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. ஒருவரிடம் அவர் ஆசையாக வைத்திருப்பதைக் கேட்ட பிறகு, அடுத்த பேச்சை அவர்தான் பேச வேண்டும்.

கடைசியில் சொன்னார்: "ஒரு வாரம் பழக்குங்க. அப்புறம் அதே ரோட்டுல, அதே மூட்டையோட, நானும் உள்ளே உட்காருவேன். இறக்கிக் காட்டட்டும். இல்லைன்னா ஊட்டி டிரைவர்தான்."

மறுநாள் புஷ்பத்திடம் அதை அப்படியே சொன்னேன். "ஒரு வாரம் இருக்கும்மா. அதுக்கு மேல உங்க வூட்டுக்காரரு கையில."

"கையில இல்லைங்கய்யா, கால்ல" என்றாள்.

அந்த வாரம் எஸ்டேட்டுக்கு நல்ல பொழுதுபோக்கு. ஜீப், பின்னால் டிரெய்லர், அதற்குள் தூள் மூட்டை. காலையில் கீழ்த்தோட்டம்வரை இறங்கும், மேலே வரும், மறுபடி இறங்கும். "செல்வராஜ் தூளு மூட்டைக்கு எஸ்டேட்டைச் சுத்திக் காட்டுறான்" என்றார்கள். "மூட்டை வாந்தி எடுக்குதாடா?" என்று ஓர் அம்மா கேட்டாள். செல்வராஜ் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவனுக்குச் சிரமம் வேறு இடத்தில் இருந்தது. இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு வரச் சொன்னேன். கியரே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் அவசரத்துக்கு மட்டும். அப்படி இறங்கும்போது இன்ஜின் பலமாகக் கத்தும். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஏறும்போது கத்தினாச் சரிங்கய்யா. எறங்கும்போது வண்டி கத்தினா எனக்கு அவமானமா இருக்கு. ஓட்டத் தெரியாதவன் மாதிரி."

"யாருப்பா அப்படி நினைப்பாங்க?"

"நானே நினைப்பேன்."

இதற்கு நான் பாடம் எதுவும் எடுக்கவில்லை. இறக்கிக்கொண்டே இருந்தோம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, இறங்கும் வழியில் அவன் தானாகவே, "இப்பத்தான் சத்தம் சரியா இருக்கு" என்றான். அதற்குப் பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்ததே வேடிக்கை பார்க்கத்தான்.

மேனேஜர் சொன்ன நாள் வந்தது. மழை விட்டிருந்தது, ரோடு ஈரம். மேனேஜர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். சொந்த ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்து இடத்தில் அவர் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பெரிய ரோட்டில் இறக்கம் தொடங்கும் இடத்தில் செல்வராஜ் வண்டியை ஏறக்குறைய நிறுத்திவிட்டான். கியரை மாற்றினான். பிறகு இறங்கினான். ஜீப் கத்திக்கொண்டு, அவசரமே இல்லாமல் போனது. எங்களுக்குப் பின்னால் நான்கைந்து கார்கள் சேர்ந்தன. ஒருத்தன் ஹாரனை அழுத்தியபடியே வந்தான். மேனேஜர், "கொஞ்சம் வேகமாத்தான் போயேன்" என்றார்.

"ஏலாதுங்க தொரை" என்றான் செல்வராஜ், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் எஸ்டேட்டில் தொரையிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

மூன்றாவது வளைவுக்கு வந்தோம். சுவரில் பிக்கப் முட்டிய தடம் இன்னும் செம்மண்ணாகத் தெரிந்தது. ஹாரன்காரன் அந்த இடத்தில்தான் பொறுமை இழந்தான். வளைவுக்குள்ளேயே எங்களை முந்தினான். எதிரே ஒரு லாரி. சட்டென்று எங்கள் முன்னால் நுழைந்து பிரேக் போட்டான். மேனேஜரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அந்தப் பக்கம் பிரேக் இல்லை. செல்வராஜ் பெடலை மெதுவாக ஒருமுறை தொட்டான், விட்டான், மறுபடி தொட்டான். ஜீப் முனகியது. பின்னால் டிரெய்லர் கொக்கியில் ஒரு சின்ன 'டக்' சத்தம், அவ்வளவுதான். கார்க்காரன் போய்விட்டான். செல்வராஜ் அவனைத் திட்டக்கூட இல்லை. மேனேஜர் அவனுக்கும் சேர்த்துத் திட்டினார்.

கீழே ஒரு டீக்கடை. நிறுத்தினோம். செல்வராஜ் இறங்கிப் போய் டிரெய்லரின் கொக்கியையும் சங்கிலியையும் பார்த்தான். மேனேஜர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது யாரு தூளு?" என்று கடைக்காரரைக் கேட்டார். நம் தூள் இல்லை. அதற்கு ஒரு முறை முகம் சுளித்தார். பிறகு நெடுநேரம் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் இருவரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 

மேலே போகும் பஸ் ஒன்று வந்தது. மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சனிக்கிழமை திருப்பூர்ல இருந்து ஒரு குடும்பம் வருது" என்றார் செல்வராஜிடம். "ரெண்டு சின்னப் பசங்க. காலர் கிழிஞ்ச சட்டையோட வராதே. இதைக் கூடலூர் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிட்டு வா. எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு."

பஸ்ஸில் ஏறிவிட்டார். இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொழுந்துக் கூடை வைத்திருந்த ஒரு பெண்ணுக்கும் ஒரு மரவள்ளிக்கிழங்கு மூட்டைக்கும் நடுவில் நின்றார். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. ஜீப்பின் சாவி இருந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

செல்வராஜ் சாவியைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஐயா, தொரை எதுக்கு பஸ்ல போறாரு?"

"பழகிக்கிறாரு" என்றேன்.